லாயத்துக் குறுக்குச் சுவர்

திருவண்ணாமலையிலிருந்து கிளம்பிய வேலூர் பஸ் வேங்கிக்கால் தாண்டுவதற்குள் மூன்று முறை நின்றுவிட்டது. பௌர்ணமிக் கூட்டம். கஸ்தூரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எடுத்த படங்களைச் செல்போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கட்டிட இன்ஜினியர். பெரிய கோயிலுக்குப் பின்னாலிருக்கும் ஒரு பழைய சத்திரத்தை அளந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் சாமி பார்க்க வந்தவர்களுக்காகக் கட்டியது. கூண்டு வண்டி இடிக்காமல் நுழைகிற உயரத்தில் வளைவு வாசல்; உள்ளே கருங்கல் பாவிய முற்றம்; முற்றத்தின் கோடியில் நீளமான குதிரை லாயம். லாயத்துக்கு மேலே யாத்ரீகர்கள் படுக்கும் கூடம். லாயத்தின் நடுவிலிருக்கும் குறுக்குச் சுவரை எடுத்துவிட்டால் நான்கு வேன் நிறுத்தலாம் என்று உரிமையாளர் சக்கரபாணி ஆசைப்பட்டார். சுவர் முழுக்க சிமெண்ட் பூச்சு. பிற்காலத்தில் எழுப்பிய தடுப்பு, எடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள்.

விரல் ஒரு படத்தில் நின்றது. அந்தச் சுவரில் குதிரை கட்டும் இரும்பு வளையம். கட்டைவிரல் தடிமன் வளையம், கயிறு உராய்ந்த இடத்தில் பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

இரும்பு இப்படித் தேய எத்தனை காலம் குதிரை கட்டியிருக்க வேண்டும்? அப்படியானால் பூச்சுதான் புதுசு. சுவருக்குச் சத்திரத்தின் வயசு. மேல் கூடத்து உத்தரம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்குமோ? சுவர் உச்சியைத் தட்டிப் பார்க்கவில்லை. ஏணி கேட்கச் சோம்பல்பட்டது இப்போது நினைவுக்கு வந்தது.

சக்கரபாணிக்கு நான்கு தடவை போன் அடித்தாள். எடுக்கவில்லை.

"அண்ணே, நிறுத்துங்க. இங்கயே இறங்கிக்கிறேன்."

ஆட்டோ எதுவும் ஊருக்குள் வரச் சம்மதிக்கவில்லை. கோயிலை நோக்கிப் போகிற கூட்டத்தில் முண்டியடித்து, பாதி நடந்தும் பாதி ஓடியும் போனாள். முற்றத்துக்குள் நுழையும்போதே கடப்பாரைச் சத்தம் கேட்டது. சுவரில் இடுப்பளவு ஓட்டை விழுந்திருந்தது.

"நிறுத்துங்க! கை வைக்காதீங்க!"

கொத்தனார் அன்பரசன் கடப்பாரையைத் தாழ்த்தினார். நாற்காலியிலிருந்து சக்கரபாணி எழுந்து வந்தார்.

"என்னம்மா இது? நீங்கதானே இடிக்கலாம்னு எழுதிக் குடுத்தீங்க?"

"குடுத்தேன் சார். தப்பா குடுத்துட்டேன்."

"சாயங்காலம் நாலு வேன் வருது. அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"மேல எத்தனை பேர் இருக்காங்க?"

"அறுபது எழுபது பேர் இருப்பாங்க. சித்தூர்க்காரங்க. ஏன்?"

கஸ்தூரி அங்கிருந்த ஏணியைச் சாத்தி ஏறி, அன்பரசனின் உளியை வாங்கிச் சுவர் உச்சியைக் கொத்தினாள். பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கறுத்த தேக்கு உத்தரத்தின் முனை, நேராகச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். பூச்சுத்தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

அன்பரசன் எட்டிப் பார்த்தார். "ஐயோ மேடம், இன்னும் ரெண்டு வரிக் கல்லு எடுத்திருந்தா..."

சக்கரபாணியும் விரிசலைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினார். "எல்லாரும் கீழ வாங்க! மூட்டையை அப்புறம் எடுத்துக்கலாம், வாங்க!" பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கஸ்தூரி கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். அன்பரசன் சவுக்குக் கட்டைகளை உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து முடிக்கும்வரை ஒருவரும் உட்காரவில்லை.

சக்கரபாணி அவளுடைய அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். எழுதத்தான் செய்வார் என்று அவளுக்குத் தெரியும். கட்டிடச் சான்றுகளில் கையெழுத்துப் போடும் பொறுப்பை ஆறு மாதத்துக்கு அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் அதை ஏற்றுக்கொண்டாள். ஆனால் ஓட்டையைச் சரியாக அடைத்தார்களா என்ற நினைப்பு மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினாள்.

வேன்கள் சத்திரத்துக்கு வெளியே சந்தில் வரிசையாக நின்றன. சக்கரபாணி அவளைப் பார்த்தார், வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "அன்பு, அந்த ஏணியைக் கொண்டாந்து போடு" என்றார்.