காதுக் கவ்வி

எங்கள் மீன் டப்பா தொழிற்சாலையில் வேகவைத்த சூரை மீனைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். தோலை உரித்து, முள்ளை எடுத்து, வெள்ளைச் சதையை ஒரு பக்கமும் கறுப்புச் சதையை ஒரு பக்கமும் ஒதுக்க வேண்டும். வெள்ளை, வெளிநாட்டு மனிதர்களுக்கு. கறுப்பு, வெளிநாட்டுப் பூனைகளுக்கு. உட்கார இடம் கிடையாது. அந்த மேசையில் எனக்கு வலப்பக்கம் நின்றவள் தரைவினி. என் தாய்மாமன் மகள். எங்கள் ஃபிஜியில் மாமன் மகளை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். கோபித்துக்கொண்டால் தப்பு அவள் மேல்தான்.

அவளுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய ரத்தமே உடம்பைத் தின்கிற நோய். முதலில் விரல் கணுக்கள் வீங்கின. பிறகு கன்னம் சிவந்தது. கடைசியில் இதயத்துக்கு வந்தது. சும்மா நிற்கும்போதே ஓடுகிறவளைப்போல நெஞ்சு அடிக்கும். இரண்டு தடவை மேசையடியில் சரிந்துவிட்டாள். இன்னொரு தடவை விழுந்தால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். கத்திகளுக்கு நடுவே விழுகிற பெண்ணை எந்தத் தொழிற்சாலையும் வைத்துக்கொள்ளாது.

"விழறதுன்னா கறுப்புச் சதை பக்கம் விழாதடி. டப்பால போட்டு பூனைக்கு அனுப்பிடுவான்," என்றேன்.

"உன்னைப் போட்டா பூனைகூட மோந்து பாத்துட்டுப் போயிடும், வாசிதி," என்றாள்.

தலைநகர் சுவாவிலிருந்து டாக்டர் மகராஜ் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது அப்போதுதான். சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், நுனியில் ஒரு கவ்வி. அதைத் தரைவினியின் இடது காதில் மாட்டிக் காட்டினார்.

"இதயத்துக்குப் போற பெரிய நரம்போட ஒரு கிளை காதுல இருக்கு. அதை லேசா தட்டிக்கிட்டே இருந்தா, ஓடற இதயம் கொஞ்சம் நடக்கலாம். நடக்குமான்னு பாக்கத்தான் குடுக்கறேன். நிச்சயம்னு சொல்லல. மாத்திரையை நிறுத்தக் கூடாது. போட்டிருக்கும்போது மூச்சை மூக்கால இழுத்து, இழுத்ததைவிட நிதானமா விடணும். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

மூன்று மாதம் கழித்துப் பார்ப்பார். இதயம் அடங்கியிருந்தால் பெட்டி அவளிடமே இருக்கும். இல்லாவிட்டால் அடுத்தவளுக்குப் போய்விடும்.

அவள் புருஷன் இசிகேலி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ரேடியோ கேட்பதுபோல அவள் கவ்வியை மாட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்ததும், "ரக்பி ஸ்கோர் என்னன்னு கேட்டுச் சொல்லு" என்பான். ஆனால் பலன் இருந்தது. கொஞ்ச நாளிலேயே மேசையில் சாயாமல் டீ நேரம் வரை நின்றாள். "நெஞ்சு மேல உக்காந்திருந்தவன் எறங்கிட்டான்டி," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். இசிகேலியின் அக்கா இலிசபெதி நொண்டிக்கொண்டே வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"தரைவினி, ஒரு கெரெகெரே."

அந்தச் சொல்லைச் சொல்லி உறவுக்காரர் எதைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். இல்லை என்றால் அந்த வீட்டின் பெயர் கடற்கரை முழுக்க நாறிப்போகும்.

"அந்தக் காது மிஷினைக் குடு. ஒரு வாரம் முட்டியில போட்டுக்கறேன்."

"அது இதயத்துக்கு அண்ணி."

"முட்டிக்கு ரத்தம் எங்கேர்ந்து வருது? இதயத்துலேர்ந்துதானே?"

நான் சிரித்துவிட்டேன். தரைவினி சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்ப் பெட்டியையும் சார்ஜரையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

வாரம் முடிந்தது. பெட்டி வரவில்லை. இலிசபெதியிடமிருந்து பாதிரியாரின் மாமியாருக்குத் தலைவலிக்குப் போனது. அங்கிருந்து தொடை பிடித்துக்கொண்ட ஒரு ரக்பிக்காரனுக்குப் போனது.

"போய்க் கேளுடி," என்றேன்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? உன்னை எந்த ஊர்ல பெத்தாங்க?"

"மூச்சுப் பயிற்சியையாவது தினமும் பண்ணு. அதை யாரும் கெரெகெரே கேக்க முடியாது."

"சத்தமா சொல்லாத. காதுல விழுந்தா வந்துடுவாங்க," என்றாள்.

அதுவும் நடக்கவில்லை. சாயங்காலமானால் அந்த வீட்டில் ஆள் நிறைந்துவிடும். விருந்தாளி இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் "எழுந்து போ" என்று சொல்வதாக அர்த்தம். அவள் டீ போட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் பெட்டி வந்து சேர்ந்தது. கவ்வியைத் தொடையில் ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. மயிரும் ஒட்டியிருந்தது. துணைக்கு நான் போனேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பார்த்தார்கள். இதயம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"தினமும் போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"போட்டேன்."

"ரெண்டு வேளையும்?"

"ரெண்டு வேளையும்."

"அப்ப இது உங்களுக்குக் கேக்கல. சிலருக்குக் கேக்காது," என்று அவர் பெட்டியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்றா டாக்டர். இவ காதுல அது இருந்ததே கொஞ்ச நாள்தான். மிச்ச நாளெல்லாம் ஊர்க்காரங்க காலுல இருந்துச்சு."

டாக்டர் கவ்வியைத் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நிஜமா?"

"எங்க வீட்டுல யாரும் எதையும் எடுக்கல. இவளுக்கு வாய்க்கொழுப்பு," என்றாள் தரைவினி.

"எனக்கும் இருக்கறது கொஞ்சம் மிஷின்தாம்மா. வரிசையில பொண்ணுங்க நிக்கறாங்க. மாத்திரையையும் மூச்சுப் பயிற்சியையும் விட்டுடாதீங்க," என்று எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என் புருஷன் வீட்டை வெளியாளுக்கு முன்னாடி திருட்டு வீடா ஆக்கிட்ட."

"உன் உயிரைவிட அது பெருசா?"

"நாளைக்கு நான் விழுந்தா ராத்திரி பகல் கூட உக்காரப் போறது யாரு, அந்த டாக்டரா? இலிசபெதி."

"விழாம இருக்கத்தானேடி மிஷின் குடுத்தாங்க!"

மறுநாள் சூப்பர்வைசரிடம் சொல்லி எதிர் மேசைக்கு மாறிக்கொண்டாள். மாமன் மகள் என்னிடம் கோபித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

எதிரே நின்றதால் எல்லாம் தெரிந்தது. தோள் இரண்டும் மூச்சோடு ஏறி ஏறி இறங்கின. மீனை உரிப்பது பாதி, மேசையைப் பிடித்துக்கொள்வது பாதி. அந்த மாதம் தீர்வதற்குள் விழுந்தாள். தட்டும் அவளோடு சரிந்தது. நாங்கள் நாலு பேர் தூக்கி வெளியே கிடத்தினோம். சூப்பர்வைசர் அவள் தலையுறையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அவ்வளவுதான் வேலை.

அந்த வாரம் முழுக்க இலிசபெதி அங்கேயேதான் இருந்தாள். பொய் சொல்லக் கூடாது. சோறாக்கினாள், துணி துவைத்தாள், தரைவினியின் வீங்கின காலை மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தேய்த்தாள். சனிக்கிழமை நான் மீன் குழம்பு கொண்டுபோனபோதும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். தரைவினி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து சூப்பர்வைசர் என்னை வேலைக்கு வரச்சொல்லிட்டான், வாசிதி. இவ எடத்துக்கு," என்றாள் இலிசபெதி.

"நாளெல்லாம் நிக்கணும். முட்டி?"

"அந்த மிஷின் போட்டேன்ல, நல்லாயிடுச்சு." பிறகு தரைவினி பக்கம் திரும்பினாள். "உனக்கு இனிமே எதுக்கு வேலைக்குப் போட்ட அந்த ரப்பர் பூட்ஸ்? ஒரு கெரெகெரே."

தரைவினியின் கழுத்துக் குழி துடித்துக்கொண்டிருந்தது. மூக்கால் மெதுவாக இழுத்தாள். நிதானமாக விடப் பார்த்தாள். பாதியிலேயே உடைந்து அடுத்த மூச்சு வந்துவிட்டது.

"கதவுக்குப் பின்னாடி இருக்கு அண்ணி. இடது காலுது லேசா ஒழுகும்," என்றாள்.

இலிசபெதி போய் பூட்ஸை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, தரைவினியின் காலைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.