பாலத்து டாக்டரின் சந்தேகம்

பாலங்களை ஆராயும் பெண்மணி நகராட்சி மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய சந்தேகம் அவரை விட்டு இறங்கி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் கணவரின் மடியில் ஏறிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. வளர்ந்த பூனை ஒன்றின் கனமும் சூடும் இருந்தன. கணவர் மடியைத் தட்டிவிட்டுப் பார்த்தார், கால் மாற்றிப் போட்டுப் பார்த்தார், அது நகரவில்லை. கூட்டம் முடிந்ததும் அவருடனேயே வீட்டுக்குப் போனது. அன்றைக்கு பிஸ்கட் பாதிப் பேருக்குக் கிடைக்காமல் தீர்ந்துபோனதால் ஊரில் எல்லோரும் பிஸ்கட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

மண்டபத்தில் இந்தப் பேச்சுகள் தொடங்கியபோதே ஊருக்கு நம்பிக்கை வரவில்லை. குன்றின் மேல் ஆராய்ச்சி நிலையம் கட்டி இருபது வருடமாக அங்கே நடப்பதைப் பற்றி ஊரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. திடீரென்று வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வேனில் வந்து, ஆளுக்குப் பத்து நிமிடம் தாங்கள் செய்யும் ஆராய்ச்சியைப் பற்றி விளக்கி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ஒரு பைசா வாங்காமல் போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நிலத்தை எடுக்கப் போகிறார்கள் என்றார்கள் சிலர். நம்மை வைத்துத்தான் ஏதோ பரிசோதனை நடக்கிறது, டீயை மோந்து பார்த்துக் குடி என்றார்கள் சிலர். ஆனாலும் மண்டபம் நிறைந்தது. எதற்காக வருகிறார்கள் என்று கண்டுபிடிக்கவாவது போய் உட்கார வேண்டியிருந்தது.

பேச்சுகளை நடத்தியவர் நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. பத்து நிமிடம் முடிந்ததும் மேசை மணியை அடிப்பார் என்பதால் ஊர் அவரை மணிக்காரர் என்றது. பேசப் போகிறவர்களின் தாள்களை முந்தின நாளே வாங்கி, ‘ஒருவேளை’, ‘பெரும்பாலும்’, ‘இதுவரை தெரிந்தவரை’ என்று வரும் இடங்களையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் பத்தாது, ஜனங்களுக்குத் தெளிவாக ஒரு விஷயம் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கட்சி. கெட்ட மனிதர் இல்லை. அடித்த வார்த்தைகள் எங்கே போகும் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை. அவை மேடையிலிருந்து இறங்கி, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யார் அசையாமல் கேட்கிறார்களோ அவர்கள் மடியில் ஏறின. நட்சத்திரங்களை ஆராய்பவரின் சந்தேகம் கறிக்கடைக்காரருக்குப் போனது. அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை நிறுத்தார், பிறகு தராசையே இன்னொரு தராசில் வைத்து நிறுத்தார். எறும்புகளை ஆராய்பவரின் சந்தேகம் தபால் ஆபீஸ் அம்மாவுக்கு வந்தது. தன் கூடப்பிறந்த அண்ணனிடமே அடையாள அட்டை கேட்டார் அவர். முதலில் விஷயத்தை மோப்பம் பிடித்தவர் வேன் டிரைவர்தான். மற்ற நாட்களில் முனகிக்கொண்டு ஏறும் மேட்டில், வெள்ளிக்கிழமை திரும்பிப் போகும்போது மட்டும் அதே ஆட்களோடு வண்டி சுலபமாக ஏறியது. எதையோ ஊரில் விட்டுவிட்டு வருகிறார்கள் என்று அவர் நாற்காலிகளுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார். ஒரு குடையைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

பாலங்களை ஆராயும் பெண்மணியை ஊர் பாலத்து டாக்டர் என்று அழைத்தது. பட்டம் வேறு வகை என்று எத்தனை முறை சொன்னாலும் இருமலுக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார், அவர் மாஸ்டர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடும் மார்க்கெட்டும், அந்தப் பக்கம் மகளின் பள்ளிக்கூடம். நடுவில் இருந்த பாலத்தின் தூண்களில் அதிர்வு அளக்கும் கருவிகளை ஒட்டி, டாக்டர் வருடக்கணக்காக அளந்துவந்தார். வெள்ளம் வந்த வாரத்தில் மட்டும் மூன்றாவது தூணின் கருவியில் முள் கன்னாபின்னாவென்று துள்ளியிருந்தது. கருவிக்குள் தண்ணீர் போயிருக்கலாம், ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம். அந்த ஒருவேளையை மணிக்காரர் அடித்துவிட்டார். டாக்டரும் சரி என்று விட்டுவிட்டு, இந்தப் பாலம் நம் பேரப்பிள்ளைகளையும் தாங்கும் என்று மேடையில் சொன்னார். பலத்த கைதட்டல்.

அன்று முதல் டாக்டர் நன்றாகத் தூங்கினார். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவர், இப்போது வாசல் கதவைப் பூட்டாமல்கூட வேலைக்குப் போனார். பாட்டு முணுமுணுத்தார். கருவிகளைப் போய்ப் பார்ப்பதை நிறுத்திவிட்டார், தெரிந்த விஷயத்தை எதற்குத் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்? மாஸ்டரின் நிலைமையோ தலைகீழ். முன்பின் தெரியாதவனுக்கும் ஸ்கூட்டரைக் கொடுத்தனுப்பிய மனிதர், பாலை மோந்து பார்த்தார், கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், மனைவி இத்தனை வருடம் இல்லாத பாட்டை இப்போது ஏன் பாடுகிறாள் என்று யோசித்தார். ஒரு நாள் மனைவி நிலையத்துக்குத்தான் போகிறாரா என்று பார்க்கப் பின்தொடர்ந்தும் போனார். அதுவும் எல் போர்டு மாட்டிய வண்டியில், ஓட்டப் பழகும் பல் டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, சிக்னலுக்கு சிக்னல் எஞ்சின் அணைந்து குலுங்க. முன்னால் போன பாலத்து டாக்டர் தன் வண்டிக் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், “என்னைச் சந்தேகப்படறீங்களா?” என்று கேட்டார்.

“எல்லாத்தையும்தான் சந்தேகப்படறேன். நீயும் அதுல ஒண்ணு, அவ்வளவுதான்” என்றார் மாஸ்டர். சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார்.

பிறகு அவர் பாலத்தில் ஏறுவதை நிறுத்தினார். மாணவர்களைச் சுற்றுவழியில் ஓட்டிப் போகச் சொன்னார். எதிர் டிரைவிங் ஸ்கூல்காரர் ‘நாங்கள் பாலம் வழியாகவே செல்கிறோம்’ என்று போர்டு வைத்து, அவருடைய மாணவர்களில் முக்கால்வாசிப் பேரை இழுத்துக்கொண்டார். ஊர் காதைத் தீட்டிக்கொண்டது. பொண்டாட்டி நிற்கும் என்கிறாள், புருஷன் ஏற மாட்டேன் என்கிறான், இதில் எவர் காசு வாங்கியிருக்கிறார்? சுற்றுவழியில் மாஸ்டருக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாகவும் பேச்சு கிளம்பியது. நிலையத்தின் இயக்குநர் டாக்டரைக் கூப்பிட்டு, வீட்டு விஷயத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். டாக்டர் அறைக்கு வந்து அழுதார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், மகளை இனி ஸ்கூல் பஸ்ஸில் அனுப்ப மாட்டேன் என்று மாஸ்டர் சொன்னதும் சண்டை முற்றியது. ஊர் சிரிக்கிறது, போதாததற்குப் பிள்ளையையும் வீட்டில் உட்கார வைக்கப் போகிறீர்களா என்று டாக்டர் கத்தினார். மாஸ்டரும் பதிலுக்குக் கத்தினார்.

“வெள்ளம் வந்த வாரம் மூணாவது தூண்ல முள்ளு ஏன் அப்படித் துள்ளுச்சு? கருவி ரிப்பேர்னு யார் சொன்னது? கழட்டிப் பாத்தியா நீ?”

சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றார். எந்த முள், எந்தக் கருவி என்று அவருக்குத் தெரியாது. அதை டாக்டர் மணிக்காரர் அடித்த தாளில் எழுதியதோடு சரி, வீட்டில் சொன்னதில்லை, மேடையிலும் சொல்லவில்லை. கணவரை உட்கார வைத்து, அவர் மடிக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. தன்னுடையது என்று தொட்ட உடனே தெரிந்துவிட்டது.

“இது என்னோடதுங்க. குடுத்துடுங்க.”

“எடுத்துக்கோயேன். நானா பிடிச்சு வெச்சிருக்கேன்?”

தூக்கினால் வரவில்லை. எப்படி வந்ததோ அப்படித்தான் போகும் என்று டாக்டருக்குப் புரிந்தது. தான் அசையாமல் கேட்க வேண்டும், மாஸ்டர் ஒரு துளி சந்தேகமில்லாமல் பேச வேண்டும். மாஸ்டர் அடுப்புக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கிளட்சைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அதை மெதுவாக விட வேண்டும் என்றார், உடனே, எல்லா வண்டியிலும் அப்படித்தானா என்று நின்றுவிட்டார். பிரேக்கை எடுத்தார், அதுவும் பாதியில் நின்றது. உலகத்தில் தனக்கு நிச்சயமாகத் தெரிந்தது எதுவுமே இல்லையா என்று அவருக்கே பயமாகிவிட்டது. பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

“நீ வண்டி பழக வந்த மொத நாள், ரிவர்ஸ்ல போய் என் ஆபீஸ் சுவத்த இடிச்ச. எல்லாரும் எறங்கி வண்டிக்கு என்னாச்சுன்னு பாப்பாங்க. நீ எறங்கி, சுவத்துல விழுந்த கீறலை விரல் வெச்சு அளந்த. நாளைக்கு இது இன்னும் நீளுதான்னு பாக்க வர்றேன்னு சொன்ன. வந்த. தெனமும் வந்து அளந்த. இவளத்தான் கட்டிக்கணும்னு எனக்கு அப்பவே தெரியும். அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல.”

அது இறங்கி டாக்டரின் மடிக்கு வந்தது. உடனே அவருக்கு அடுப்பை அணைத்தோமா என்று தோன்றியது. எழுந்து போய்ப் பார்த்தார், அணைந்துதான் இருந்தது.

விடிந்தும் விடியாமல் இருவரும் ஆற்றுக்குப் போனார்கள். கருவியைக் கழற்றிப் பார்த்தார் டாக்டர், அதற்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாவது தூணின் அடியை ஆறு அரித்துத் தின்றிருந்தது. அன்று மாலையே மண்டபத்தைத் திறக்கச் சொல்லி அவர் பேசினார். தான் சொன்னது தப்பு என்றார், தெரியாததையெல்லாம் தெரியாது என்றார். பத்து நிமிடத்தில் மணி அடித்தது, அவர் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப அடித்துவிட்டு மணிக்காரர் மணியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பாலத்தை மூடினார்கள். மார்க்கெட்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், படகுக்காரர்கள் டாக்டருக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரு காலையில், பள்ளி பஸ் வழக்கமாகப் போகும் நேரத்தில், பாலம் ஆற்றில் சரிந்து படுத்தது. மேலே ஒரு ஈ காக்கைகூட இல்லை. ஊர் கரையில் நின்று பார்த்தது. யாரும் நன்றி சொல்லவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக டாக்டர்தான் ஆள் வைத்துத் தள்ளிவிட்டார் என்று சிலர் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைப் பேச்சுகள் தொடர்ந்து நடக்கின்றன. பேசியவர்கள் உடனே வேனில் ஏற முடியாது. வாசலில் நின்று, வந்தவர்கள் தங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததைப் பேசுவதையெல்லாம் ஆடாமல் அசையாமல் கேட்க வேண்டும். கறிக்கடைக்காரர் எலும்பைப் பற்றிப் பேசுவார், தபால் ஆபீஸ் அம்மா தன் அண்ணனைப் பற்றிப் பேசுவார். அவரவர் சந்தேகம் அவரவரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் டிரைவர் வண்டியைக் கிளப்புவார். மேட்டில் வண்டி முக்கி முனகி ஏறுவதைக் கேட்டால்தான் ஊருக்கு நிம்மதி. டாக்டர் வீட்டில் மட்டும் சந்தேகம் ஒருவரிடமே நிற்பதில்லை, சில நாள் அவர் மடியில், சில நாள் மாஸ்டர் மடியில். மகள் சோபாவில் உட்கார வேண்டுமானால் அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு உட்காருகிறாள். யார் மடியிலும் அது இல்லாத காலைகளில், தேடிக் கண்டுபிடிக்கும் வரை அவர்கள் வண்டியை வெளியே எடுப்பதில்லை.