ஒன்றே முக்கால் கிலோ

...எண்பது கிராம் பிளாஸ்டிக் குப்பையாம், ஒரு வாரத்துக்கு, ஐந்து பேர் இருக்கிற வீட்டில், யார் காதில் பூச்சுற்றுகிறார்கள், பால் கவரே அதில் பாதி ஆகிவிடும், மீதி நாற்பது கிராமில்தான் கறி வாங்கி, பிஸ்கட் பிரித்து, ஷாம்பு கிழித்துத் தலைக்குக் குளித்தார்களா... எழுது வினோதினி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், எழுதிக்கொள், எண்பது, அறுபத்தைந்து, தொண்ணூறு, வேங்கிக்காலில் இந்த ஒரு தெரு மட்டும் இலையில் பொட்டலம் கட்டி வாழ்கிறது போல. எதிரே காலிமனையில் கவர் கவராகப் பறக்கிறதே, அதை யார் போட்டது, அண்ணாமலையாரா வந்து போட்டார்? தராசைத் தூக்கித் தூக்கித் தோள் விட்டுப்போயிற்று. பல்கலைக்கழகத்தில் மூன்று துறை சேர்ந்து பிளாஸ்டிக்கைக் குறைக்க வழி தேடுகிறோமாம், அருள்ராஜ் சார் வேதியியல், சந்திரகலா மேடம் பொருளியல், நான் சமூகவியல், அதாவது தெருத்தெருவாகச் சாக்கு தூக்குகிற துறை. நாற்பது வீட்டுக்கு நாற்பது சாக்கு கொடுத்து, வழக்கமாக எவ்வளவு போடுவார்களோ அதை முதல் இரண்டு வாரம் சும்மா அளப்பது, அப்புறம்தான் குறைப்பது, இவ்வளவுதானே பேச்சு? மேடம் முதல் கூட்டத்திலேயே எழுந்து, கம்மியாகப் போடுகிற வீட்டுக்கு எவர்சில்வர் தூக்கு பரிசு என்று சொல்லிவிட்டார். ஊக்கத்தொகைக் கோட்பாடாம். முடிந்தது கதை. ஒருத்தர் மேட்டுக்கு இழுத்தால் ஒருத்தர் பள்ளத்துக்கு இழுக்கிறார், நடுவில் நான்.

போன வாரம் ஒரே ஒரு சாக்குதான் கனத்தது, கடைசி வீட்டு பிர்தௌஸுடையது, ஒன்றே முக்கால் கிலோ. "நீங்க சொன்னீங்களேனு எல்லாத்தியும் போட்டுட்டேங்க, ஜாஸ்தியா?" என்று கேட்டாள், எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்றது யார்? தெரு நலச்சங்கச் செயலாளர் அர்ஜுனன். கூடவே வந்து என் நோட்டை எட்டி எட்டிப் பார்த்தவர், சாயங்காலம் வாட்ஸப் குழுவில் வீட்டு நம்பர் போட்டு லிஸ்டே விட்டுவிட்டார், லிஸ்டில் முதலில் வந்த வீட்டுக்குக் கைதட்டல் பொம்மை, கடைசியில் வந்த பிர்தௌஸுக்கு அழுகிற முகம். யார் விவரமும் வெளியே போகாது என்று வீடு வீடாகச் சொன்னவள் நான், நோட்டை ஒரு கையால் மறைத்திருக்கக் கூடாதா, அது என்ன பெரிய கம்பசூத்திரமா... அருள்ராஜ் சாரோ, "அந்த ஒரு வீட்ட தூக்கிடும்மா, கிராப் கெட்டுப்போகுது" என்கிறார். இருக்கிறதில் ஒரே நிஜத்தைத் தூக்கிவிட்டு முப்பத்தொன்பது பொய்யை வைத்துக்கொள்வதா? சண்டையே போட்டுவிட்டேன். சரி, ரெண்டாவது வாரமும் அவங்க சாக்கு கனமா வந்தா மொத்தத்தையும் திரும்ப அளக்கலாம், வரலன்னா உன் வாய மூடிக்கணும் என்றார். வராவிட்டால் இனி மூன்று வருட ஆராய்ச்சியும் இந்தப் பொய் மேல்தான் நிற்கும். இன்றும் கனத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்...

பிர்தௌஸ் வாசலிலேயே நின்றாள், சாக்கோடு, முகமெல்லாம் சிரிப்பாக. "இந்த வாட்டி கம்மிங்க மேடம்." கொக்கியில் மாட்டினேன், முள் அசைவேனா என்றது. நூற்றைம்பது. எனக்கு வந்தது வருத்தம்கூட இல்லை, கோபம், அதுவும் இவள்மேல், என்னவோ எனக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றியதுபோல. "மிச்சமெல்லாம் எங்க போச்சுங்க?" அதட்டலாக விழுந்துவிட்டது. சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "கொளுத்திட்டேங்க... எல்லாரும் அப்படித்தான பண்றாங்க. எங்க பாப்பாவுக்கு வீசிங்கு, பொக ஆவாது, அதான் நான் எப்பவும் கொளுத்தமாட்டேன். இந்த வாட்டி அவள அடி அண்ணாமலைல எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிட்டுதாங்க கொளுத்துனேன். நாளைக்குப் போயி கூட்டியாரணும்... லிஸ்ட்ல என் பேரு கடைசில வராதில்லங்க?"

வராதுங்க என்றேன், வேறென்ன சொல்வது. சாருக்கு நேர்கோடு கிடைத்துவிட்டது, மேடத்துக்குக் கோட்பாடு பலித்துவிட்டது, எனக்கு? நானும் இவள் குப்பைக்குத்தானே காத்திருந்தேன், அவர்களுக்குக் கம்மியாக வேண்டும், எனக்கு ஜாஸ்தியாக வேண்டும், அவ்வளவுதானே வித்தியாசம்... ஒரு குழந்தையை வீட்டைவிட்டு அனுப்பிவைத்த நூற்றைம்பது கிராம் இது, இதை எழுதவா, எழுதாமல் விடவா? இத்தனை நாளாக இந்த வாசலுக்கு வருகிறேன், அவளுக்குப் பிள்ளை இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. பிர்தௌஸ் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா பேர் என்னங்க என்று கேட்க வாயெடுத்தேன், அதற்கும் எந்தப் பதில் சொன்னால் சரியென்று என் முகத்தைப் பார்ப்பாளோ என்று இருந்தது.