கித்தானில் ஒரு காஜா

என் வீட்டுக்காரர் போர்டு எழுதுகிறவர். இந்தத் தெருவில் மருந்துக்கடை, சலூன், பல் டாக்டரின் கிளினிக் என்று எந்தப் பெயரை அண்ணாந்து பார்த்தாலும் அவர் கைவண்ணம்தான். என் தையல் கடைக்கு மட்டும் போர்டு கிடையாது. கேட்டால், "நாளைக்கு எழுதித் தரேன்" என்பார். அந்த நாளைக்கு இப்போது பதினெட்டு வயது. ஓட்டே போடலாம்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் தெருவே சேர்ந்து ஒரு படம் வரையச் சொன்னது. நூலக வளாகத்தில் நிற்கும் வாதாம் மரத்தைச் சாக்காக வைத்து, மரங்களுக்கென்று ஒரு கலைவிழா. பாட்டு, நாடகம், கண்காட்சி எல்லாம் உண்டு. மதிலுக்கு முன்னால் மேடை. மேடைக்குப் பின்னால் கட்டுவதற்குப் பெரிய கித்தானில் ஒரு மரம் வேண்டும். குழுத் தலைவர் நம் பல் டாக்டர். "எழுத்தே இவ்ளோ அழகா எழுதறவரு படம் வரைய மாட்டாரா?" என்று அவர் கேட்டதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. பாவம், வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பெயரை எழுதிய கை. தான் வரைந்த படம் ஒன்றை நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. என்னிடம் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

அன்றைக்கே டேப்போடு கிளம்பிவிட்டார். மறுமுனையைப் பிடித்தவள் நான்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். மரம் மொட்டையாக நின்ற நேரம் அது. மேடைக்காக நட்டிருந்த இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவில் ஈ, காக்கை இல்லை. அளந்து எழுதிக்கொண்டு வந்தோம்.

அப்புறம் இரண்டு மாதம் பின்னறைக் கதவு சாத்தியே கிடந்தது.

"மரம்தானே வரையறீங்க? என்னமோ பிரசவம் பாக்கற மாதிரி கதவைச் சாத்திக்கறீங்க!"

"உள்ள வராதே. முடிஞ்சதும் பாக்கலாம்."

ஒருநாள் தலையை மட்டும் வெளியே நீட்டி, "இந்தா, மெஷின்ல உக்காந்து தைக்கும்போது உன் இடது கை எங்க இருக்கும்?" என்றார்.

"தோளுக்குக் கீழதான் இருக்கும். சோறு ஆறுது, வாங்க."

விழா அன்று காலை நாலு பேர் சுருளைத் தூக்கிவந்து கம்பங்களில் கட்டினார்கள். கித்தான் நடுவில் நிறைமாதக்காரி போல முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. படம் கோணி, ஒன்றும் தெரியவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால், அப்போது கம்பத்துக்கும் மேலே வெறுங்குச்சியாக இருந்த கிளை, இப்போது இலைக் கனத்தில் தழைந்து, மதிலைத் தாண்டிக் கித்தானை முட்டிக்கொண்டிருந்தது.

"இளைச்சிருக்கும்போது அளவெடுத்துட்டு, பூரிச்சப்புறம் சட்டையைப் போடச் சொன்னா எப்படி ஏறும்? தளிர்க்கும்னு தெரியாதா உங்களுக்கு?" என்று பிடித்துக்கொண்டேன்.

"டேப்பைப் புடிச்சது யாரு?" என்றார்.

கயிறு போட்டுக் கிளையைத் தூக்கிப் பார்த்தார்கள். படக்கென்று ஒரு சத்தம் கேட்டதும் விட்டுவிட்டார்கள். மேடையை நகர்த்த நேரமில்லை. டாக்டர் கிளையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுதானே? எடுத்துடலாம். வலிக்காது."

சொன்னதோடு நிற்காமல் ரம்பத்துக்கும் ஆள் அனுப்பிவிட்டார். மரத்துக்கு விழா, முதல் மரியாதை ரம்பத்துக்கு!

இவர் முகத்தைப் பார்த்தேன். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படம் முழுசாகத் தொங்கும். கிளையைப் பார்த்தார், கித்தானைப் பார்த்தார். கிளை முட்டுகிற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.

"வேணாம் டாக்டர். இந்த மரத்தைப் பாத்துத்தான் வரைஞ்சேன். அதையே வெட்டிட்டு மாட்டறதா? துணியை வெட்டிக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "இந்தா, உன் கத்தரிக்கோலைக் குடு."

"என் கத்தரிக்கோலை நீங்க தொடறதாவது! தள்ளுங்க, நானே வெட்டறேன்."

கித்தானை இறக்கி மேடையில் விரித்தார்கள். அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். பெரிய மரம். இலை ஒன்றுகூடப் பச்சை இல்லை. கட்டம், கோடு, பூப்போட்டது, எல்லாம் என் கடையில் விழும் வெட்டுத்துணி. நடுக்கிளையில் ஒருத்தி தையல் மெஷினோடு உட்கார்ந்து ஒவ்வோர் இலையாக மரத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் டேப், மூக்கில் என் மச்சம், இடது கை இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக. அவளைச் சுற்றித்தான் சாக்பீஸ் வட்டம்.

"ஏங்க, இது நானு."

"ஆமா."

"தெரிஞ்சேதான் இங்க வட்டம் போட்டீங்களா?"

"கிளை அங்கதானே முட்டுது? சீக்கிரம் வெட்டு, ஜனங்க வந்துடுவாங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு மாதம் இந்த மனிதரை என்னவெல்லாம் பேசினேன்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை நானே வட்டமாக வெட்டி எடுத்தேன். காற்றில் ஓரம் கிழியாமலிருக்க, பட்டன் ஓட்டைக்கு எடுப்பதுபோல் சுற்றிக் காஜா எடுத்தேன். அவ்வளவு பெரிய காஜாவை எந்தத் தையல்காரியும் எடுத்திருக்க மாட்டாள்.

மறுபடி கட்டி, தூங்குகிற குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல் கிளையை மெதுவாக ஓட்டைக்குள் நுழைத்தார்கள். துணி இலைகளுக்கு நடுவிலிருந்து நிஜ இலைகள் பச்சைப்பசேலென்று வெளியே வந்தன. நாலு பேரா? நானூறு பேர் நின்று பார்த்தார்கள். டாக்டர் மைக்கைப் பிடித்து, "இது எங்க குழுவோட யோசனை" என்றார். ரம்பம் மேடைக்கு அடியில் கிடந்தது. இவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, படத்தை விட்டுவிட்டு, பார்க்கிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் கடை திறக்கப் போனபோது ஏணியில் நின்றிருந்தார். அந்த வட்டத் துணிக்குச் சட்டம் அடித்து, என் கடை வாசலுக்கு மேலே மாட்டியிருந்தார். மெஷினோடு நான். எழுத்து ஒன்றுமில்லை.

"கடை பேரு எங்க?" என்றேன்.

"நாளைக்கு எழுதறேன்."

"பிரஷ்ஷோட இந்தப் பக்கம் வந்து பாருங்க, கையை ஒடிச்சிடுவேன்" என்றேன்.