தூக்கும் நாள், மூச்சு நாள்

தனேஸ்வரிக்குப் பயம் பிடித்தது மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. அதற்கு முன் அவள் எதற்கும் அஞ்சாதவள் என்று சொல்ல வரவில்லை. பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள்தான். ஆனால் அன்று வந்த பயம் வேறு ரகம். வந்ததோடு வீட்டிலேயே தங்கிவிட்டது.

அன்று குளியலறையில் அவள் கணவர் மகேந்திரன் பிளாஸ்டிக் முக்காலியிலிருந்து வழுக்கி விழுந்தார். பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. வலது கையும் வலது காலும் பேருக்குத்தான் இருந்தன. ஆள் எண்பத்து நாலு கிலோ. இருபத்தாறு வருஷம் எண்ணெய்க்குப் போகும் செம்பனைக் குலை லோரி ஓட்டி, ஆள் வராத நாளில் குலைகளைத் தானே ஏற்றி இறக்கிய உடம்பு. தனேஸ்வரி நாற்பத்தொன்பது கிலோ, அதுவும் ஈரத் தலைமுடியோடு நிறுத்தால்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பில் துண்டைக் கட்டி இழுத்துப் பார்த்தாள். சோப்புத் தரையில் அவளும் விழுந்தாள். தெருவுக்கு ஓடிக் கத்தினாள். தோட்டம் கைமாறியபோது கிடைத்த வீடுகள் அவை, கோலா சிலாங்கூர் சாலையை ஒட்டி மூன்று வரிசை. பகலில் அந்தத் தாமான் குடியிருப்பில் கோழிகளைத் தவிர யாரும் இருப்பதில்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பா அக்காகூட அன்று கோலாலம்பூருக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தால், தரையில் கிடந்தபடியே மகேந்திரன் தலையை ஆட்டினார்.

"வேணாம்... சரணுக்குத் தெரிஞ்சிடும்."

சரண் அவர்களுடைய ஒரே மகன். ஜொகூர் பாருவில் குடியிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். கெட்ட பையன் இல்லை. போன மாதம் வந்திருந்தபோது அப்பா கட்டிலிலிருந்து சரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டான். அன்றே சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவ விழுந்தாருன்னா ஒங்களால முடியாதும்மா. கிள்ளான்ல ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கேன். நல்லா பாத்துக்குவாங்க லா." அப்பாவுக்குக் கேட்கக்கூடாதென்று அவன் சமையலறையில் வைத்துத்தான் சொன்னான். அந்த வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகை.

ஒரு மணி நாற்பது நிமிடம் மகேந்திரன் அந்த ஈரத் தரையில் கிடந்தார். உதடு நீலம் பாரித்துப்போயிற்று. தனேஸ்வரி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கடைசியில் கேஸ் லோரிக்காரரும் அவருடைய ஆளும் வந்தார்கள். அரை நிமிடத்தில் தூக்கி உட்காரவைத்தார்கள். கேஸையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த அரை நிமிடம்தான் அவளை உலுக்கியது. சர்க்கரை வியாதிக்காக ஆறு வருஷமாகத் தாமானைத் தினமும் நாலு சுற்று வேகநடை நடக்கிறவள் அவள். மருந்துக்கடைக்காரர் முதல் கோவில் தலைவர் வரை அதைச் சொல்லாமல் விட்டதில்லை. அத்தனை நடையும் சேர்ந்து ஒரு மனிதனைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்த உதவவில்லை. கால் இருந்தது, மூச்சு இருந்தது. கையிலும் முதுகிலும் ஒன்றுமே இல்லை.

அடுத்த நாளே நடையை நிறுத்தினாள். பத்துக் கிலோ அரிசிப் பையை மார்போடு கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து எழ ஆரம்பித்தாள். எதைச் செய்தாலும் ஒரேயடியாகச் செய்கிற பொம்பளை. ஞாயிறு இல்லை, ஓய்வு இல்லை. ஒரு மாதத்தில் அரிசிப் பை போய், மணல் நிரப்பிய உரச்சாக்கு வந்தது. மகேந்திரன் தன் நாற்காலியில் உட்கார்ந்து, குழறும் நாக்கால் அவளுக்கு எண்ணிக்கை சொன்னார். பதினைந்தைத் தாண்டினால் அவள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்கும். அப்போது எண்ணுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பயம் குறையவில்லை, கூடியது. விடியற்காலை ஐந்தரைக்குத் தமிழ்ப்பள்ளிக் கேண்டினுக்கு வேலைக்குப் போனால் பத்தேகாலுக்குத் திரும்புவாள். அங்கே ஒரு தட்டு கீழே விழுந்தால் நெஞ்சு திக்கென்றிருக்கும். வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே மோட்டார்சைக்கிளை அணைத்துவிட்டு, டிவி சத்தம் கேட்கிறதா என்று நின்று கேட்பாள். கேட்டால் உயிர் வரும். கேட்காத நாட்களில் கேட்டைத் திறக்கக் கை வராது.

மே மாதத்தில், மகேந்திரனுக்குப் பிசியோ பார்க்கும் நித்தியா அவளையும் ஒருநாள் சோதித்தாள். இருபத்தாறு வயசுப் பெண். வாய்க்கு வாய் ஆண்ட்டி, ஆண்ட்டி என்று கூப்பிட்டாலும் வேலை வாங்குவதில் தோட்டத்துக் கங்காணி மண்டோரே தோற்றான். சாக்கைத் தூக்கு, திரும்பு, நாற்காலியில் வை, மறுபடி எடு என்றாள். நாலாவது தடவையில் தனேஸ்வரிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"வெய்ட் தூக்க வருது ஆண்ட்டி. ஆனா மூச்சு தாங்கலியே. நடக்குறத விட்டுட்டீங்களா?"

"தூக்கத்தானேம்மா வேணும்."

"கீழேர்ந்து அவர எழுப்பி ஒக்கார வெக்க எப்படியும் அஞ்சாறு நிமிஷம் ஆவும். பாதியில நீங்க மயங்கிட்டா ரெண்டு பேரும் கீழ. யாரு பாப்பா? அப்புறம், தம் புடிச்சுத் தூக்குறீங்க, அது பிரஷருக்கு ஆவாது. தூக்குறப்ப மூச்ச வெளிய விடணும்."

ரெண்டு பேரும் கீழ என்ற சொல் தனேஸ்வரியை விடவில்லை. மூடிய கதவுக்குள் இரண்டு பேர், வெளியே ஆளில்லாத தெரு. மூன்று இரவு அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

நித்தியா ஓர் ஒழுங்கு எழுதிக் கொடுத்தாள். திங்கள், புதன், வெள்ளி தூக்கும் நாள். செவ்வாய், வியாழன், சனி மூச்சு நாள்: வாசற்படியில் இருபது நிமிடம் ஏறி இறங்க வேண்டும், பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். ஞாயிறு உடம்பைச் சும்மா விட வேண்டும். தினமும் இரண்டு முட்டை. பிறகு இரண்டு நாற்காலிப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். விழுந்தவரை முழங்காலில் நிறுத்தி, முன்னால் ஒரு நாற்காலியில் சாயவைத்து, நல்ல காலை ஊன்றச்சொல்லி, எழும் நேரத்தில் பின்னால் இன்னொரு நாற்காலியைத் தள்ள வேண்டும்.

"பாதி பாரம் அங்கிளோட நல்ல காலு தாங்கும். மிச்சப் பாதிதான் ஒங்களுக்கு. நாப்பது கிலோ வந்துட்டா போதும் ஆண்ட்டி."

தனேஸ்வரி மளிகைக்கடைக் காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் 'தூ' என்றும் 'மூ' என்றும் எழுதினாள். முட்டை அவித்தாள், தனக்கு இரண்டு, அவருக்கு இரண்டு. ஜூலைக்குள் மூச்சு சீரானது. சாக்கு முப்பது கிலோ ஆனது, முப்பத்தைந்தானது, ஆகஸ்டில் நாற்பதைத் தொட்டது. ஞாயிறுதோறும் சரண் போன் செய்து, "அப்பா விழுந்தாரா?" என்று கேட்பான். "இல்லப்பா" என்பாள்.

மகேந்திரன் மெலிந்துகொண்டே வந்தார். பிசியோவுக்கு அடுத்த தவணை செப்டம்பரில்தான். வாதம் வந்த பக்கம் சதை வற்றும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். மத்தியானம் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, வயிறு மந்தமாக இருக்கிறது என்பார். காலையில் மூடி வைத்துவிட்டுப் போகும் மீகூன் சேமியாவும் முட்டையும் தீர்ந்திருக்கும், தட்டு காலியாக இருக்கும். அதனால் அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாக்கின் எடையைக் கிராம் கணக்கில் பார்த்தவள், புருஷன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அதை இப்போது சொல்லி என்ன பயன்.

ஆகஸ்ட் இரண்டாம் வெள்ளி, தெருமுனையில் மோட்டாரை அணைத்தாள். டிவி கேட்டது. நிம்மதியாக உள்ளே போனால், நாற்காலியில் ஆளில்லை.

சமையலறையில், பின்வாசல் கம்பிக் கதவருகே அவர் ஒருக்களித்துக் கிடந்தார். ஊன்றுகோல் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். கண் திறந்திருந்தது. மார்ச் மாதமும் அந்த ஈரத் தரையும் கண் முன்னே வந்தன. போனை எடுக்கலாமா, புஷ்பா அக்காவைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு நாற்காலிகளை இழுத்து வந்தாள்.

"தல வலிக்குதா? எங்கயாச்சும் அடிபட்டிச்சா?"

இல்லை என்று தலையசைத்தார். அவரைப் புரட்டி முழங்காலில் நிறுத்தினாள். முன்னால் சாயவைத்தாள். இடுப்பு வாரைப் பிடித்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்கினாள். மகேந்திரன் எழுந்து வந்தார். பின்னால் நாற்காலியைத் தள்ளி உட்காரவைத்தாள். இரண்டே நிமிடம். மூச்சுகூட வாங்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சிரிப்பு பாதியில் இருக்கும்போதே கை வேறு ஒன்றைச் சொல்லிற்று. ஐந்து மாதமாக எடையோடு பழகிய கை. இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்லும். நல்ல கால் இன்று ஊன்றவே இல்லை, துவண்டுதான் கிடந்தது. அப்படியென்றால் முழுப் பாரமும் அவள் கையில் வந்திருக்க வேண்டும். முழு மகேந்திரன் இவ்வளவுதானா?

புற்றுநோய் என்ற சொல்தான் முதலில் வந்தது. அவள் தகப்பனும் இப்படித்தான் நாளுக்கு நாள் கரைந்து போனார். சட்டையை விலக்கி அவர் விலா எலும்புகளைத் தடவினாள். விரல் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியது. வாதம் வந்த பக்கம் மட்டுமில்லை, இரண்டு பக்கமும்.

அப்போதுதான் கம்பிக் கதவுக்கு வெளியே பார்த்தாள். புஷ்பா அக்காவின் கோழிகள் ஆறேழு, வரிசை பிடித்த மாதிரி நின்றன. அவளைக் கண்டும் ஓடவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் மீகூன் சிதறிக் கிடந்தது. ஒரு முட்டை பாதி கொத்தப்பட்டிருந்தது.

"எத்தன நாளாங்க?"

மகேந்திரன் தரையைப் பார்த்தார்.

"கேக்குறேன்ல. எத்தன நாளா?"

"நீ... சாக்கு தூக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

"ஏன்?"

வார்த்தைகளைச் சேர்த்துக் கோக்க அவருக்கு நேரம் பிடித்தது. "அன்னைக்கி ஒன்னால முடியல. அழுதே. நீ தம் புடிச்சுத் தூக்குறப்ப... மொகம் செவந்து போவுது. ஒனக்கு எதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு. நான் எளச்சிட்டா... தூக்கிடுவே. ஹோமுக்கு அனுப்ப வேண்டி வராது."

அவரை அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் நித்தியாவுக்குப் போன் போட்டாள். அன்று மத்தியானமே புஷ்பா அக்கா வீட்டுக் காரில் நித்தியாவின் கிளினிக்குக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். சக்கர நாற்காலியோடு ஏற்றி நிறுக்கும் தராசில் நிறுத்து, நாற்காலியின் எடையைக் கழித்தார்கள். அறுபத்தொன்று. ரத்தமும் எடுத்தார்கள். டாக்டர் கடிந்துகொண்டார். நித்தியா அவரது இடது தொடையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்ல காலும் வத்திப்போச்சு அங்கிள். அதனாலதான் இன்னைக்கி மடங்கிடுச்சு. நீங்க சாப்பிட்டு அந்தக் கால தேத்துனாத்தான் ஆண்ட்டி தூக்க முடியும். இப்படியே போனா ஹோம் இல்ல, ஆஸ்பத்திரிதான்."

சாயங்காலம் தனேஸ்வரி சோறு வடித்து, மீன் குழம்பு ஊற்றி, முள் எடுத்துப் பிசைந்துகொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை சரண் கேட்பான். கிளினிக் வரை போன பிறகு இந்த முறை இல்லை என்று சொல்ல முடியாது. கவளத்தை நீட்டினாள். மகேந்திரன் வாயை மூடிக்கொண்டார்.

"சாப்புட்டா ஏறிடும்."

"ஏறட்டும்."

"ஒன்னால எவ்வளோ முடியும்? உண்மையச் சொல்லு."

காலையில் அவள் எழுப்பியது அறுபத்தொன்று, அதுவும் அவளுக்குத் தெரியாமல் அவர் பட்டினி கிடந்து தேய்த்த அறுபத்தொன்று. முன்னால் இருந்த நாற்காலிதான் அதில் பாதியைத் தாங்கியிருக்க வேண்டும். அவளாகத் தனியே தூக்கியது நாற்பதுக்கு மேல் போனதில்லை. நாற்பத்தைந்தை ஒருமுறை முயன்று முதுகு பிடித்து, இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் கேண்டினில் நின்றிருந்தாள்.

"நீங்க முன்ன இருந்த வெய்ட்ட அப்படியே தூக்குவேன்," என்றாள். "ஒன்னும் ஆவாது. சாப்புடுங்க."

மகேந்திரன் அவள் முகத்தையே பார்த்தார். முப்பது வருஷமாக அவள் பொய் சொல்லும்போது எப்படி இருப்பாள் என்று அறிந்தவர். பார்த்துக்கொண்டே மெல்ல வாயைத் திறந்தார்.

தனேஸ்வரி ஊட்டினாள். இரண்டு பருக்கை அவர் மடியில் விழுந்தன. அவற்றையும் அவர் இடது கையால் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.