முகம் மறைத்த மஞ்சள் பை

மோகனசுந்தரத்துக்குச் சுதந்திரம் என்ற சொல்லே பிடிக்காது. வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டு என்பார். சொல்லும்போது அவர் வயிறு நிறைந்தே இருக்கும். இந்தியாவில் எமர்ஜென்சி நடந்தபோது டொராண்டோவில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ரயிலெல்லாம் நேரத்துக்கு வருதாமே!" என்று பூரித்தவர். அந்த ரயில் எதிலும் அவர் ஏறியதில்லை.

இப்போது 1978. டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் பார்த்த வேலை அலுத்து, தெஹ்ரானில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்குத் தலைமைப் பொறியாளராகப் போகக் காத்திருந்தார். ஆகவே ஈரான் மன்னர் ஷா அவருக்கு மிகவும் நல்லவராகிவிட்டார்.

எதிர் ஃபிளாட்டில் பஹ்மன் என்ற ஈரானிய மாணவன் இருந்தான். லிஃப்ட் நின்றுபோனால் மோகனசுந்தரத்தின் மனைவி வசுமதி கேட்காமலே அவளுடைய அரிசி மூட்டையைத் தூக்கி வந்து வைப்பான். தேர்தலும் பேச்சுரிமையும் கேட்டு நண்பர்களோடு ஊர்வலம் போவான். தெஹ்ரானில் ஆசிரியையான அவன் அக்காவை ஷாவின் போலீஸ் ஏற்கெனவே ஒருமுறை பிடித்துப் போயிருந்தது. இங்கே இவன் முகம் தெரிந்தால் அங்கே அவள் மறுபடி சிறைக்குப் போவாள். அதனால் ஊர்வலத்தில் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டுதான் நடப்பான்.

அக்டோபர் மழையில் காகிதப் பை நைந்து கிழிந்தது. வசுமதி தன் கல்யாணத் தாம்பூலப் பைகளில் மிஞ்சிய ஒன்றை எடுத்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டிக் கொடுத்தாள். மஞ்சள் துணியில் சிவப்பாக அச்சடித்த பெயர்களை அவள் பார்க்காமலில்லை. அந்தக் கூட்டத்தில் தமிழ் படிக்க யார் வரப்போகிறார்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை தெஹ்ரான் கம்பெனியின் பிரதிநிதி ஃபர்ஹாதி விருந்துக்கு வந்தார். மோகனசுந்தரம் குனிந்தார், குழைந்தார், ஷாவின் பெருமையை ஃபர்ஹாதிக்கே எடுத்துச் சொன்னார். ஃபர்ஹாதி தட்டை நகர்த்திவிட்டு ஒரு புகைப்படத்தை வைத்தார். கோட்டும் கையுறையுமாக ஓர் உருவம். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. தலையில் மஞ்சள் பை.

"இந்திய எழுத்து என்கிறார்கள். படித்துச் சொல்லுங்களேன். இந்த ஆள் யாரென்று எங்கள் அரசாங்க நண்பர்களுக்குத் தெரிய வேண்டும்."

மோகனசுந்தரம் படித்தார். 'வசுமதி – மோகனசுந்தரம் திருமணம், மதுரை.' கலகக்காரன் நெற்றியில் தன் பெயர்!

"யாருக்குடி குடுத்த இதை?" என்று தமிழில் பல்லைக் கடித்தார். "எதிர் வீட்டுப் பயலுக்கா?"

"அவன் அக்காவை நினைச்சுப் பாருங்க."

"அக்காவாவது ஆட்டுக்குட்டியாவது! என் வேலை போயிடும்டி." விருந்தாளி பக்கம் திரும்பிச் சிரித்தார். "சார், அது யாரென்றால்..."

"நான்தான்," என்றாள் வசுமதி ஆங்கிலத்தில். வெள்ளிக்கிழமை விரதத்தில் பொய் சொல்லக்கூடாது என்று இருப்பவள். "என் கல்யாணப் பை. அதைப் போட்டுக்கொண்டு நடந்தது நான்."

மோகனசுந்தரம் வாயைத் திறந்தார். அவள் தமிழில் அமைதியாகச் சொன்னாள்: "பையனைச் சொன்னீங்கன்னா, பையைக் குடுத்தது யாருன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கும் பதில் சொல்லுவீங்களா?"

வாய் மூடிக்கொண்டது. இரக்கம் செய்ய முடியாததை அவருடைய பயம் செய்து முடித்தது. ஆண்டவன் எதையெல்லாம் கருவியாக வைத்திருக்கிறான்!

"வீட்டையே ஆளத் தெரியாதவர் எங்கள் வேலையாட்களை எப்படி ஆள்வீர்கள்?" என்று ஃபர்ஹாதி எழுந்தார். மோகனசுந்தரம் அவருடைய கோட்டை எடுத்துப் பிடித்தார், கதவைத் திறந்துவிட்டார், லிஃப்ட் வரை பின்னாலேயே ஓடினார். ஃபர்ஹாதி திரும்பியே பார்க்கவில்லை.

திரும்பி வந்து கத்தினார்: "என் பேரையே கெடுத்துட்டியேடி!"

"இல்லைங்க. இத்தனை வருஷத்துல அது ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது இப்பதான்."

விருந்தாளி தொடாத பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, அந்தப் பையை உடனே எரித்துவிடு என்று பஹ்மனிடம் சொல்வதற்காக அவள் எதிர் ஃபிளாட் கதவைத் தட்டினாள்.