பன்றி இல்லாத மூன்று படங்கள்

பேஸ்டல் குச்சிக்குத் தண்ணீரும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம். சொரசொரப்பான தாளில் தேய்த்தால் நிறப்பொடி தாளின் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். இருட்டு நிறம் முதலில், வெளிச்சம் கடைசியில். மிஞ்சிய தூளை வாயால் ஊதக்கூடாது, எச்சில் பட்டால் புள்ளி விழும். தாளைக் கவிழ்த்துப் பின்பக்கம் மெல்லத் தட்ட வேண்டும்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் விஜயலெட்சுமி இதையெல்லாம் தாள்களைக் கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையில் உட்கார்ந்து, உள்ளங்கை அகலத் தாளில் ஓடையையும் மைனாவையும் மலை அணிலையும் வரைவாள். பண்டாரவளையில் புத்தகக்கடை வைத்திருக்கும் ஷிஹானா அவற்றைச் சட்டம் போட்டு, ரயிலில் மலை பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு விற்பாள்.

ஒருமுறை விஜயலெட்சுமி மூன்று காட்டுப்பன்றிப் படங்களைக் கொண்டுபோனாள். ஷிஹானா பார்த்ததும் கையை உதறினாள்.

"விஜி, மான் கொண்டாங்க, மயில் கொண்டாங்க. பன்னியக் கொண்டாந்து இங்க மாட்டுனா எங்க உம்மா என்னையக் கடைக்குள்ளயே விடமாட்டா!"

"வெறும் தூளுதானேங்க?"

"தூளா இருந்தா என்ன, மூக்கப் பாருங்க மூக்க!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். விஜயலெட்சுமி வீட்டுக்கு வந்து அதே மூன்று இடங்களையும் பன்றி இல்லாமல் வரைந்தாள். பன்றி உயரம் குறைந்த, பலம் கூடிய பிராணி. தேயிலைச் செடிகளுக்கு அடியில் தினமும் ஒரே இடத்தில் முட்டிப் புகும். அதனால் அங்கே கீழ்க்கிளைகள் உரிந்து, சேறு பூசி, இருட்டான ஒரு சந்து உண்டாகும். படங்களில் அந்தச் சந்துதான் இருந்தது. கடைக்கு அனுப்புமுன் அவள் தம்பி ரஜீவ் மூன்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டான். பேஸ்புக்கில் போடத்தான் என்றான்.

ஓடைக்கரையில் அவன் போட்டிருந்த கரட் பாத்தியைப் பன்றி இரண்டு தடவை உழுதுவிட்டிருந்தது. அவன் போனில் இருந்த படங்களைப் பார்த்து மூன்று இடங்களில் மோட்டார் சைக்கிள் கேபிளால் சுருக்கு வைத்தான். சுருக்கு எளிமையான சாமான். வட்டத்துக்குள் கழுத்தை விட்ட பிராணி முன்னே போகப் போக அது இறுகும், விட்டுக் கொடுக்காது.

வியாழக்கிழமை காலை முதல் சுருக்கில் சிறுத்தை விழுந்து கிடந்தது. பன்றி வாடையைப் பிடித்து வந்திருக்க வேண்டும். தலையும் தோளும் வட்டத்தைத் தாண்டிவிட, இடுப்பில் கம்பி பிடித்துக்கொண்டது. பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக்குப் போன பெண்கள்தான் முதலில் கண்டார்கள். மிருக வைத்தியர் வருவதற்குள் அது செத்துப்போனது. சுற்றிலும் மண் வட்டமாகச் சுரண்டப்பட்டிருந்தது. விஜயலெட்சுமி வரையப் போகும் எதையும் பார்ப்பது போலவே அதைப் பார்த்தாள். மடியில் காம்புகளைச் சுற்றி மயிர் நனைந்து ஒட்டியிருந்தது. பிறகு கூடையை மாட்டிக்கொண்டு தன் தேயிலை நிரைக்குப் போனாள். அன்றைக்கு எப்போதும் எடுக்கும் அளவு கொழுந்தை எடுத்தாள். இரவு சோறு தின்றாள்.

வனஜீவராசி அதிகாரிகள் உடலையும் கம்பியையும் கொண்டுபோனார்கள். யார் வைத்தது என்று கேட்டதற்கு லயத்து வீடுகளில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அவள் தம்பியின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மத்த ரெண்டும் எங்க?"

"எந்த ரெண்டு?"

"எங்கிட்ட நடிக்காதடா. மூணு படம் புடிச்ச."

"மெல்லப் பேசுக்கா. ஜீப்பு இன்னும் ரோட்டுலதான் நிக்குது. நான் அந்தப் பக்கம் தலைய நீட்டுனா நேரா பதுளை ஜெயிலு. எம் பொண்டாட்டி சோறு கொண்டாருவா, நீ படம் வரைஞ்சு கொண்டா."

"அதுக்கு மடியில பாலு இருந்துச்சு."

ரஜீவ் ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"குட்டி தாய் போன வழியத் தேடித்தான் வரும்," என்றாள்.

"நான் போவ மாட்டேன்க்கா."

"ஒன்னைய யாரு கூப்புட்டா? நான் வரையப் போறேன்."

ஞாயிறு காலை ஜீப்பருகே நின்ற அதிகாரி அவளை நிறுத்தினார். குச்சி டப்பாவைத் திறந்து காட்டியதும் விட்டுவிட்டார்.

ஏழாம் நம்பர் மலையில் இரண்டாவது சுருக்கு படத்தில் உள்ள இடத்திலேயே இருந்தது. கழற்றுவது கடினமல்ல. முடிச்சை இழுக்காமல் பின்னுக்குத் தள்ளினால் வட்டம் விரிந்து கொடுக்கும். அடிமரத்தில் சுற்றியிருந்ததையும் அவிழ்த்து, சுருட்டி, பையில் தாள்களுக்கு அடியில் வைத்தாள்.

மூன்றாவது சந்து கரும்பாறைக்கு இடப்பக்கம். அங்கே கம்பி இல்லை. குனிந்து ஒவ்வொரு அடிமரமாகத் தடவினாள். சேற்றில் சின்னச் சின்ன வட்டத் தடங்கள் மட்டும் புதிதாக இருந்தன. பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் தடத்தில் நகக்குறி இருக்காது. இவற்றிலும் இல்லை. குட்டி வந்து, தடையில்லாமல் போயிருந்தது.

ஆனால் கம்பி இங்கே எங்கேயோ இருந்தாக வேண்டும். படம் வரைந்த நாளில் உட்கார்ந்த தண்ணீர்க் கான் மேட்டிலேயே மறுபடியும் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. பாறையும் கறுப்பு, சந்தும் கறுப்பு. அடுத்தடுத்து வந்தபோது தாளில் இரண்டும் ஒரே கட்டியாகத் தெரிந்தன. அதனால் படத்தில் அந்தச் சந்தைத் தூக்கிப் பாறைக்கு வலப்பக்கம் வைத்திருந்தாள்.

எழுந்து வலப்பக்கம் போனாள். செடிகள் நெருக்கமாக நின்றன. எந்தப் பிராணியும் அதற்குள் நுழைந்ததில்லை. ரஜீவ் இலைகளை ஒதுக்கி, வழியே இல்லாத இடத்தில் அழகாகச் சுருக்கு வைத்திருந்தான். அதையும் கழற்றினாள்.

இறங்கும்போது அதிகாரியிடம் குட்டித் தடம் இருப்பதைச் சொன்னாள். அவர் உடனே போனை எடுத்து யாரையோ வரச் சொன்னார். அவள் தோளில் கிடந்த பையை அவர் பார்க்கவேயில்லை.

ரஜீவ் கம்பிகளை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"மூணாவது எங்க இருந்துச்சு?"

"நீ வெச்ச எடத்துலதான். ஆனா அங்க வழி கெடையாது. படத்துல மாத்தி வரைஞ்சிருந்தேன்."

"அதான் ஒரு மொசலுகூட விழல." அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "மொதப் படத்தையும் அப்பிடி மாத்தி வரைஞ்சிருக்கலாம்லக்கா?"

அவன் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டான். அவளும் அந்தப் படத்தை மனசில் வைத்து யோசித்துப் பார்த்தாள்.

"அதுல மாத்த ஒண்ணும் இல்ல," என்றாள். "இருந்தபடியே நல்லா இருந்துச்சு."